பழைய ரயிலடியைத் தேடி: கைவிட்ட பாதையில் அளவெடுத்து மேசை மேல் மாதிரி கட்டுவது எப்படி

தண்டவாளம் பிடுங்கிய ஒரு பாதையை நடந்து பார்க்க வேண்டும், அதில் ஒரு துண்டையாவது அளவு பிசகாமல் வீட்டில் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். வெளிநாட்டு மாதிரி ரயில்காரர்களுக்குக் கடைக்குப் போனால் பிளான் கிடைக்கிறது, பெட்டியில் எஞ்சின் கிடைக்கிறது. இங்கே எந்த மனுவை எந்த அலுவலகத்துக்குப் போடுவது, இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் இருக்கும் நம் மீட்டர் கேஜுக்கு எந்த அளவுத் தண்டவாளம் பொருந்தும் என்று சொல்ல ஆள் இல்லை. நான் இதையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அப்படி அலைய வேண்டாம்.

உதாரணமாக மயிலாடுதுறை – தரங்கம்பாடி பாதையை எடுத்துக்கொள்கிறேன். மீட்டர் கேஜ், சுமார் 30 கி.மீ., 1926இல் திறந்து 1986இல் மூடியது. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகக் கடலோரம் போய் முடிந்த கிளைப்பாதை. படிகள் வேறு எந்தப் பாதைக்கும் ஏறக்குறைய இவையேதான்.

1. எதைக் கட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் முதலில் பாதையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து எதைக் கட்டலாம் என்று யோசிக்கிறார்கள். அப்போது கையில் இருப்பது நூறு அழகான படங்கள். தேவைப்படும் ஒரு அளவுகூட இருக்காது. மதகின் (பாதைக்கு அடியில் தண்ணீர் போக விட்ட சின்னப் பாலத்தின்) வளைவு எத்தனை அடி அகலம், பக்கச் சுவர் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதைப் படத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. கட்டப் போவது என்ன என்று தெரிந்தால்தான் கண் அதைத் தேடும்.

சின்னதாக எடுங்கள். முழு நிலையம் வேண்டாம். 60 செ.மீ. பலகை என்பது 1:64 அளவில், அதாவது நிஜத்தை 64இல் ஒரு பங்காகச் சுருக்கினால், நிஜத்தில் 38 மீட்டர்தான். நூறு மீட்டர் நடைமேடை ஒன்றரை மீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். ஒரு செங்கல் மதகும் அதன் மேல் பத்துப் பன்னிரண்டு மீட்டர் பாதையும் முதல் வேலைக்குப் போதும். இரண்டாவதாக வேண்டுமானால் டிக்கெட் அறை, கேட்டுக்காரர் வீடு என்று போகலாம்.

2. பாதையைத் தேர்ந்தெடுப்பது

இங்கே பெரிய பொறி ஒன்று உண்டு. ரயில் ஓடாத பாதை எல்லாம் கைவிட்ட பாதை அல்ல. மதுரை – போடி பாதை அகலப்பாதையாக்குவதற்காகப் பதினோரு ஆண்டுக்கும் மேல் ரயில் இல்லாமல் கிடந்தது. புல் முளைத்ததைப் பார்த்துக் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. 2022இல் தேனி வரை, 2023இல் போடி வரை ரயில் திரும்பி வந்துவிட்டது. தண்டவாளம் இருக்கும் இடத்தில், அது துருப்பிடித்திருந்தாலும், அளவெடுக்க இறங்காதீர்கள்.

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த பாம்பன் – தனுஷ்கோடி பாதை, இடிந்த நிலையத்தின் வளைவுகள், தண்ணீர்த் தொட்டி. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டதால் போவது எளிது. ஆனால் முதல் முயற்சிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டம் அதிகம்; படத்தில் யாராவது வந்து நிற்பார்கள். மாலையானால் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மணல் பறந்து டேப் சிக்கும். கட்டடங்களில் பவளக்கல் கலந்திருப்பதால் செங்கல் வரிசையை எண்ணி உயரம் கணக்கிடும் வித்தை அங்கே பலிக்காது. இன்னொன்று: புயலில் போன அந்த ரயிலை மாதிரியாகக் கட்டிக் காட்சிக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. எனக்கு அதில் மனம் ஒப்புவதில்லை.

பழைய பாம்பன் பாலத்தையும் பலர் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள்; 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள். பழையது ரயில்வேயின் சொத்து, மேலே ஏற முடியாது. அது நிற்கும் வரை சாலைப் பாலத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தூணுக்குத் தூண் கிடக்கும் அதன் சாதாரண கர்டர் (இரும்பு உத்தரம்) ஒவ்வொன்றும் 40 அடி. 1:87 அளவில் 14 செ.மீ. முழுப்பாலத்தையும் அதே அளவில் கட்டினால் கிட்டத்தட்ட 24 மீட்டர் வரும், வீடு தாங்காது. கட்டத்தான் வேண்டும் என்றால் மூன்று கண் (தூண்களுக்கு இடையிலான திறப்பு) கட்டுங்கள்.

மூடி நாற்பது ஐம்பது ஆண்டு ஆன, சாலையை ஒட்டியே போகிற, சமதளக் கிளைப்பாதைதான் கற்றுக்கொள்ள நல்லது. தரங்கம்பாடிப் பாதை அப்படிப்பட்டது. பஸ் வசதி உண்டு, ஊருக்கு ஊர் டீக்கடை உண்டு, அதில் பயணம் செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1940களிலேயே மூடிய மொரப்பூர் – ஓசூர் குறுகிய பாதை மாதிரியானவை இரண்டாம் சுற்றுக்கு. அங்கே தடயம் குறைவு, சொல்ல ஆளும் குறைவு.

3. வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய காகித வேலை

செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் சில சாயங்காலங்கள் போகும்.

*பழைய வரைபடம்.* அமெரிக்க ராணுவத்தின் யு502 வரிசை வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசம். 1:2,50,000 அளவு, 1950களைச் சேர்ந்தவை. அன்றைக்கு உயிரோடு இருந்த பாதைகள் எல்லாம் அதில் உண்டு. ஒரு செ.மீ. என்பது இரண்டரை கி.மீ. என்பதால், பாதை ஊருக்கு வடக்கா தெற்கா என்பதற்கு மட்டும் அதை நம்புங்கள். எந்த வயல் வழியாகப் போனது என்பதற்கு நம்பாதீர்கள்.

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஒரு அங்குலத் தாள் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்) கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தாள் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்: மயிலாடுதுறைக்கு 58 எம்/12, தரங்கம்பாடிக்கு 58 எம்/16. இன்றைய திறந்த வரிசை வரைபடங்களுக்கு எண்முறை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். புதியவற்றை அவர்களுடைய தளத்தில் பதிவு செய்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மூடிய பாதை அதில் இருக்காது. ஆனால் கரை, அதாவது பாதைக்காகப் போட்ட மண்மேடு, குறித்திருந்தால் அதுவே பெரிய துப்பு.

*புலப்படமும் அ-பதிவேடும்.* புலப்படம் என்பது ஒவ்வொரு நிலத்துண்டின் அளவு வரைபடம்; அ-பதிவேடு என்பது எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் கிராமப் பதிவேடு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ரயில் போனாலும் நிலம் போவதில்லை. தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். ஒரு கிராமத்தில் அகலம் குறைந்து நீளமாக, பக்கத்து வயல்களை வெட்டிக்கொண்டு போகும் புலம் ஒன்று ரயில்வே பெயரில் இருந்தால், அதுதான் உங்கள் பாதை. புல எண் தெரியாதபோது செயற்கைக்கோள் படத்தில் உத்தேச இடத்தைப் பார்த்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். காலையில் போங்கள், சான்றிதழ் கூட்டம் இருக்கும் நாளில் உங்கள் ரயிலுக்கு அவருக்கு நேரம் இருக்காது.

மாவட்டம் மாறிய கதையையும் மனதில் வையுங்கள். இன்று மயிலாடுதுறை மாவட்டம். 2020க்கு முன் நாகப்பட்டினம். 1991க்கு முன் தஞ்சாவூர். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். பழைய கால அட்டவணைகளில் மயிலாடுதுறை மாயவரம், மாயூரம் என்றும் தரங்கம்பாடி டிரங்குபார் என்றும்தான் இருக்கும்.

*செயற்கைக்கோள் படம்.* கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் ஆண்டு வாரியாகப் பின்னோக்கிப் போகும் வசதி இருக்கிறது. கோடைக்காலப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். வயல் காய்ந்திருக்கும்போது கரை கோடு போட்ட மாதிரி தெரியும். பச்சை மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது.

4. தகவல் உரிமை மனு: முதலில் போட வேண்டியது

காத்திருப்பு அதிகமானது இதுதான் என்பதால் பாதையை முடிவு செய்த அன்றே போடுங்கள். ரயில்வே மத்திய அரசின் கீழ் வருவதால் மத்திய அரசின் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை) இணையதளத்தில் தெற்கு ரயில்வேயின் உரிய கோட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தரங்கம்பாடிப் பாதைக்குத் திருச்சிக் கோட்டம், தனுஷ்கோடிக்கு மதுரைக் கோட்டம். வருவாய்த் துறை மாநில அரசுடையது. அதற்கான மனுவை இதே தளத்தில் போட்டால் வேலைக்கு ஆகாது.

கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. நகல் ஏ4, ஏ3 பக்கத்துக்கு 2 ரூபாய். அதைவிடப் பெரிய தாளுக்கு ஆகும் செலவு. ரயில்வே பிளான்கள் நீளச் சுருளாக இருக்கும் என்பதால் இந்தக் கடைசிக் கணக்கு சில நூறுகளுக்குப் போகலாம். நகல் எடுக்காமல் நேரில் பார்வையிடவும் கேட்கலாம்: முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 5 ரூபாய். நான் சொல்வேன், எப்போதும் பார்வையிடலையும் சேர்த்தே கேளுங்கள். எந்தச் சுருளில் எது இருக்கிறது என்று அங்கே வேலை செய்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் பிரித்துப் பார்ப்பார்கள்.

மனு 500 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். “இந்தப் பாதையை ஏன் மூடினார்கள்?” என்று கேட்டால், காரணம் கூறுவது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: நில பிளான், பாதை முழுவதையும் காட்டும் இண்டெக்ஸ் பிளானும் செக்‌ஷனும், நிலைய யார்டு பிளான், பாலப் பதிவேட்டில் அந்தப் பாதைக்கான பக்கங்கள். பாலப் பதிவேடு கிடைத்தால் ஒவ்வொரு மதகின் எண், கண் அகலம், கட்டுமான வகை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு பக்கத்துக்காக மொத்த மனுவும் போடத் தகும்.

30 நாளில் பதில் வர வேண்டும். “ஆவணம் இல்லை” என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஓர் அலுவலகத்தில் இல்லை என்று எழுதி வந்த பிளான், முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு அதே கட்டடத்தின் இன்னொரு பிரிவில் கிடைத்ததை அறிவேன். முதல் மேல்முறையீட்டை 30 நாளுக்குள் செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. அதை 30 நாளில், அதிகம் போனால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதற்கும் மேல் மத்தியத் தகவல் ஆணையம். 90 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அங்கே போனால் ஆண்டுக் கணக்கு. மாதிரி கட்டுகிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாதுகாப்புக் காரணம் காட்டிப் பாலப் படங்களை மறுத்தால் நிலையக் கட்டடத்தின் படத்தை மட்டும் கேட்டு புது மனு போடுங்கள். பத்து ரூபாய்தானே.

5. எதைத் தொடக் கூடாது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இரண்டு முறை படியுங்கள்.

ரயில்வே நிலத்தில் அனுமதியில்லாமல் நுழைவது ரயில்வே சட்டம் 1989இன் 147ஆம் பிரிவில் குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர்ப்பாதையாகவே மாறிவிட்ட பழைய கரையில் நடப்பவரை யாரும் பிடிப்பதில்லை. வேலி போட்டிருந்தாலோ, பலகை வைத்திருந்தாலோ உள்ளே போகாதீர்கள்.

இரும்பு எதையும் எடுக்காதீர்கள். மண்ணில் பாதி புதைந்த ஆணி, ஃபிஷ் பிளேட் (தண்டவாளங்களை இணைக்கும் தகடு), தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலீப்பர் கட்டையின் துண்டு எல்லாம் பார்க்கக் குப்பையாகத் தெரியும். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு 1966ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது, ஐந்து ஆண்டு வரை சிறை. “ஞாபகத்துக்கு எடுத்தேன் சார்” என்பது அங்கே எடுபடாது. அளவெடுங்கள், படமெடுங்கள், இருந்த இடத்திலேயே விடுங்கள். தனுஷ்கோடியில் பவளத் துண்டுகளுக்கும் இதே கதைதான். அவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

டிரோனைக் கடலோரத்தில் பையிலிருந்தே எடுக்காதீர்கள், டிரோன் பறக்கும் இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்க்கும் வரை. ராமநாதபுரம் பக்கம் கடற்படை விமானத்தளம் இருக்கிறது. விசாரணை என்று ஆரம்பித்தால் உங்கள் ஒரு நாள் அதிலேயே போய்விடும்.

6. எப்போது போவது, என்ன கொண்டு போவது

காவிரிப் படுகைக்குப் பிப்ரவரி, மார்ச். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும். வரப்பிலிருந்து இறங்கி மதகின் முகத்தை நேராக நின்று பார்க்கலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மறந்துவிடுங்கள். மதகு முழுவதும் தண்ணீரில் இருக்கும், கரை வழுக்கும். மே மாதம் போனால் பத்து மணிக்கு மேல் டேப்பைக்கூடத் தொட முடியாது.

சைக்கிள்தான் வசதி. கரை உடைந்த இடத்தில் தூக்கிக்கொண்டு போகலாம், பஸ்சைப் பிடிக்க ரோட்டுக்கும் வந்துவிடலாம். முழுக்கால் பேன்ட், கணுக்கால் மூடும் ஷூ கட்டாயம். கரையெல்லாம் சீமைக் கருவேலம். முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். மதகுக்குள் குனியும் முன் நீளக் கம்பால் தட்டிச் சத்தம் எழுப்புங்கள். நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் நிழல் தேடி இருக்கும் இடம் அது. தனியாகப் போகவே வேண்டாம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கவும் ஆள் வேண்டுமே.

பையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் ஃபைபர் டேப், அடியும் அங்குலமும் போட்ட சின்ன டேப், பத்து செ.மீ.க்கு ஒன்றாகச் சிவப்பும் வெள்ளையும் மாற்றி அடித்த ஒரு மீட்டர் குச்சி, கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு வெள்ளைத் தாள். பாதையைப் பதிவு செய்யும் ஜி.பி.எஸ். செயலி எதுவானாலும் சரி. பேட்டரி பேங்க் மறக்காதீர்கள்.

7. கரையைக் கண்டுபிடிப்பதும் ஊர்க்காரர்களிடம் பேசுவதும்

வயலுக்கு நடுவே நேராகப் போகும் மேடு, இரண்டு பக்கமும் சீரான இடைவெளியில் குட்டைகள் இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். கரை போட மண் வெட்டிய பள்ளங்கள் அவை. ரோட்டுக்குச் சம்பந்தமில்லாமல் வயலுக்குள் தனியாக நிற்கும் மதகு இன்னொரு அடையாளம்; அதன் கைப்பிடிச் சுவரில் பால எண் இருக்கிறதா பாருங்கள். ரயில் பாதை ஒருபோதும் சட்டென்று திரும்பாது. மீட்டர் கேஜில் அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவுக்கே ஆரம் 109 மீட்டர். நீங்கள் தொடர்ந்து போகும் மேடு வீட்டு மூலையில் திரும்புவது போலத் திரும்பினால், அது வாய்க்கால் கரை. திரும்பி வாருங்கள்.

தெருப் பெயர்களைக் கேளுங்கள். ரயில் போன பிறகும் ரயிலடித் தெரு இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். பழைய ரயில்வே நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் உண்டு. டேப்பும் நோட்டுமாக இரண்டு பேர் வந்தால் அவர்களுக்கு வேறு நினைப்புதான் வரும்.

“அய்யா, பழைய ரயிலடி எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“எதுக்குத் தம்பி கேக்குறீங்க? சர்வேயா? மறுபடி ரயில் வுடப் போறாங்களா?”

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் முதல் கேள்வியைக் கேட்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய ஏதாவது ஒரு சின்ன மாதிரியின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், தீப்பெட்டி அளவு குடிசையானாலும் பரவாயில்லை. அதைக் காட்டி, “இது மாதிரி பொம்மை ரயிலு செய்யறதுக்குத்தான் அய்யா” என்றால் முகம் மாறிவிடும். பிறகு அவரே கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் பிடித்த இடம், கேட்டுக்காரர் இருந்த இடம் என்று காட்டுவார். தொப்பி, மஞ்சள் சட்டை, முக்காலி மேல் கேமரா இவையெல்லாம் வேண்டாம். அதிகாரி போலத் தெரியும். வீட்டுச் சுவராகவே மாறிவிட்ட பழைய நிலையச் சுவரை அளக்க வேண்டுமானால் வீட்டு அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு அளவெடுங்கள்.

8. அளவெடுப்பது

அடியில் அளவெடுங்கள். அந்தக் காலக் கட்டுமானம் எல்லாம் அடிக் கணக்கு. 1.83 மீட்டர் என்று எழுதினால் அது வெறும் எண்; 6 அடி என்று எழுதினால் அது கட்டியவரின் கணக்கு. உங்கள் டேப் 5 அடி 11½ என்று காட்டினால் பூச்சு கனத்தைச் சேர்த்து 6 அடி என்று புரிந்துகொள்ளலாம்.

செங்கல் மதகுக்கு எடுக்க வேண்டியவை: கண் அகலம், வளைவு தொடங்கும் உயரம், உச்சி உயரம், வளைவில் எத்தனை அடுக்குச் செங்கல், பக்கச் சுவரின் நீளமும் அது இறங்கும் கோணமும், கைப்பிடிச் சுவரின் உயரம், மேலே கரையின் அகலம். எட்டாத உயரத்துக்குச் செங்கலை எண்ணுங்கள். எட்டும் இடத்தில் பத்து வரிசையை மொத்தமாக அளந்து பத்தால் வகுத்தால் காரையோடு சேர்ந்த ஒரு வரிசையின் உயரம் வரும். பிறகு சுவர் உச்சி வரை வரிசைகளை எண்ணிப் பெருக்க வேண்டியதுதான். ஒற்றைச் செங்கலை அளந்து பெருக்கினால் காரையின் கனம் விட்டுப்போய்க் கணக்கு தப்பும்.

படத்துக்கு: சுவருக்கு நேர் எதிரே, முடிந்த அளவு தள்ளி நின்று, குச்சியைச் சுவரோடு ஒட்டி வைத்து எடுங்கள். கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸைப் பயன்படுத்துங்கள். நிறத்துக்கு ஒரு படத்தில் வெள்ளைத் தாளைச் சேர்த்து எடுத்தால், பின்னால் பெயின்ட் கலக்கும்போது மாலை வெயிலின் மஞ்சளையும் சுண்ணாம்பின் மஞ்சளையும் பிரித்துப் பார்க்கலாம்.

அன்றிரவே வரைந்துவிடுங்கள். விட்டுப்போன அளவு வரையும்போதுதான் தெரியும். மறுநாள் காலை பக்கத்திலேயே இருந்தால் போய் எடுத்துவிடலாம்.

9. எந்த அளவு விகிதம்

புதியவர்கள் காசைக் கரைக்கும் இடம் இது. கடையில் கேட்டால் 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளம், 1:87 என்று எடுத்துக் கொடுப்பார்கள். பெருக்கிப் பாருங்கள்: 1435 மி.மீ. அது ஐரோப்பாவின் கணக்கு. நம் அகலப்பாதை 1676, மீட்டர் கேஜ் 1000. இரண்டுக்கும் பொருந்தாது.

மீட்டர் கேஜுக்கு நல்ல வழிகள் இரண்டு.

முதலாவது, 1:87 அளவில் 12 மி.மீ. தண்டவாளம். ஐரோப்பிய மீட்டர் கேஜ்காரர்களுக்காக பெக்கோ, டில்லிக் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. டி.டி. என்று சொல்லும் 1:120 அளவு மாதிரி எஞ்சின்களும் 12 மி.மீ.யில்தான் ஓடுகின்றன. அந்த அடிப்பாகத்தின் மேல் நம் எஞ்சினின் உடலை அட்டையிலோ முப்பரிமாண அச்சிலோ செய்து வைக்கலாம். இந்த விகிதத்தில் ஓர் அடி என்பது சரியாக 3.5 மி.மீ. அடியில் அளந்தவர்களுக்கு இதைவிட எளிது இல்லை. குறை என்னவென்றால் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சுங்க வரியும் கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் சேர்ந்தால் விலை எதிர்பார்த்ததைத் தாண்டும்.

இரண்டாவது, 1:64 அளவில் சாதாரண 16.5 மி.மீ. தண்டவாளம். கணக்கில் 1056 மி.மீ. வரும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எஞ்சின் அடிப்பாகம், சக்கரம் எல்லாம் எளிதில் கிடைக்கிற ரகம். பொம்மைக் கடைகளில் விற்கும் சின்ன உலோகக் கார்கள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருப்பதால் ரயிலடி வாசலில் நிறுத்த அம்பாசிடர் தேடி அலைய வேண்டாம். ஓர் அடி என்பது 4.76 மி.மீ. இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். முதல் மாதிரிக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு திருத்தம் அவசியம். வாங்கிய தண்டவாளத்தில் சிலீப்பர்கள் நெருக்கமாக இருக்கும். நம் மீட்டர் கேஜ் மரக்கட்டை 180 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 12 மீட்டர் தண்டவாளத்துக்கு 16 கட்டை என்றால் இடைவெளி 75 செ.மீ. 1:64இல் 28 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம், 12 மி.மீ. இடைவெளி. கட்டைகளை இணைக்கும் பிளாஸ்டிக்கை அடியில் வெட்டி, ஒவ்வொன்றாகத் தள்ளி இடைவெளியைக் கூட்டுங்கள். இந்த ஒரு வேலை செய்தால் போதும், ஐரோப்பாவின் சாயல் போய்விடும்.

எஞ்சினின் அளவுக்கு நிஜத்தையே பாருங்கள். சென்னை மண்டல ரயில் அருங்காட்சியகத்திலும் திருச்சி ரயில் அருங்காட்சியகத்திலும் பழைய மீட்டர் கேஜ் பொருள்கள் இருக்கின்றன. ஓடும் மீட்டர் கேஜ் வேண்டுமென்றால் நீலகிரி மலை ரயில்.

10. கட்டும்போது

அடித்தளத்துக்கு 12 மி.மீ. பிளைவுட், அதன் மேல் கரைக்குத் தெர்மகோல், சுவர்களுக்கு சன்போர்டு (பி.வி.சி. நுரைப் பலகை). தெர்மகோல் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தாலோ ரப்பர் பசை தடவினாலோ கரைந்து குழியாகிவிடும். வெள்ளைப் பசையும் நீரில் கரையும் அக்ரிலிக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஜல்லிக்கு ஆற்று மணல். நிஜத்தில் 4 செ.மீ. ஜல்லி 1:64இல் 0.6 மி.மீ. மாவு சலிக்கும் சல்லடையில் போனதைக் கழித்து, ரவைச் சல்லடையில் நிற்பதையும் கழித்து, நடுவில் இருப்பதை எடுத்தால் ஏறக்குறைய சரியாக வரும். கடல் மணல் வேண்டாம், உப்பு தண்டவாளத்தைத் தின்றுவிடும். பரப்பிய பிறகு முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, பிறகு பாதிக்குப் பாதி நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்புத் தண்ணீர் இல்லாமல் விட்டால் பசை உருண்டு நின்று மணலை இழுத்துக்கொண்டு போகும்.

கைவிட்ட பாதையைக் கைவிட்ட நிலையிலேயே கட்டுவதா, ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வைத்துக் கட்டுவதா என்று கேட்பார்கள். இடிபாடு கட்டுவது எளிது, பிழை தெரியாது. அதனாலேயே நான் ஓடிய காலத்தைச் சொல்வேன். அப்போதுதான் நீங்கள் எடுத்த அளவுக்கு வேலை இருக்கும்.

11. மொத்தச் செலவும் காலமும்

காகித வேலைக்கு ஐநூறு ரூபாய்க்குள் முடியும், பெரிய பிளான் நகல் வந்தால் ஆயிரம். பயணம் உங்கள் ஊரைப் பொறுத்தது. ஓடாத மாதிரி, அதாவது மதகும் கரையும் வெறும் பாதையும், தோராயமாக மூவாயிரம், நாலாயிரத்தில் முடிக்கலாம். மோட்டார் வைத்து ஓட்ட வேண்டுமென்றால் எஞ்சின் அடிப்பாகம், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்து பதினைந்தாயிரத்தைத் தொடும். முதல் தடவை ஓட வைக்க வேண்டாம்.

காலத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் மனு. ஆகஸ்டில் பதில் வரும். வந்த பதில் உதவாவிட்டால் செப்டம்பரில் மேல்முறையீடு, நவம்பருக்குள் அதன் முடிவு. மழைக்காலம் முழுக்க வரைபடமும் புலப்படமும். பிப்ரவரி அல்லது மார்ச்சில் நடை. பசை சீக்கிரம் காயும் ஏப்ரல், மே, ஜூனில் கட்டுமானம். அக்டோபருக்கு முன் பிளைவுட்டின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்துவிடுங்கள், விளிம்புகள் உட்பட. மேல்பக்கம் மட்டும் அடித்த பலகை முதல் அடைமழையிலேயே வளைந்து, ஒட்டிய தண்டவாளத்தைத் தூக்கிவிடும்.

பிளான் நகலும் உங்கள் அளவுகளும் கிடைத்தவுடன் ஸ்கேன் செய்து வேறோர் இடத்திலும் வையுங்கள். காகிதத்தைப் பலகைக்கு அடியில் சுருட்டி வைக்காதீர்கள். மாதிரியைக் கரையான் விட்டாலும் பிளானை விடாது.